மனைவிக்கான மொழித்தேர்வு

என்னங்க,

மொழித்தேர்வில் பாஸாகிவிட்டேன் என்று போனில் சொன்னபோது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று உடனே வைத்துவிட்டீர்கள். சந்தோஷத்தில் உங்களுக்குத் தலைகால் புரியவில்லை என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

முதலில், சட்டம் மாறிவிட்டது, நீங்கள் வேலை செய்யும் நாட்டுக்கு என்னை அழைத்துக்கொள்ள உங்கள் சம்பளம் போதாது என்றீர்கள். சம்பளம் உயர்ந்ததும் வீடு சின்னது என்றீர்கள். பிறகு, அந்த நாட்டு மொழி தெரிந்தால்தான் மனைவிக்கு விசா என்றீர்கள். உங்கள் அம்மா பல் விளக்குவதற்கு முன்பே, "இன்னைக்கு என்ன சட்டம் போட்டிருக்காங்களாம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அந்த மொழியை முணுமுணுத்தேன். வந்தவர்கள், மருந்து எனக்குத்தான் வேண்டுமோ என்று பார்த்தார்கள்.

நேற்று கூப்பிட்டு, மறுபடியும் மாற்றிவிட்டார்கள், இந்தத் தேர்வு இனிச் செல்லாதாம் என்றீர்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் அந்த மொழியில், "போன்ல யாரு? சாப்பாடு ஆறுது, வா" என்றாள். நீங்களும் அதே மொழியில் அவளுக்குப் பதில் சொன்னீர்கள். அதில் பாஸானவள்தான் இந்தப் பக்கம் இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது போலிருக்கிறது.

போனை வைத்ததும் குடியேற்றத் துறையின் இணையப் பக்கத்தை நானே படித்தேன். எந்தச் சட்டமும் மாறவில்லை. என் சான்றிதழ் செல்லும்.

உங்கள் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. அதை நீங்களே சொல்லுங்கள், தமிழில்.

இப்படிக்கு,
நேற்று நீங்கள் அவளிடம் சொன்னபடி,
ஊரிலிருக்கும் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம்.