வண்டி வராத நாளின் மாத்திரை

ஜூன் 4, 1973
அண்ணியின் மாத்திரை அட்டை பல் விழுந்த பிள்ளையின் வாய் மாதிரி இருக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றும் காலி. ஏன்? கேட்க வாய் வரவில்லை.

ஜூன் 5
கேட்டுவிட்டேன். அண்ணி சிரித்தாள். "உங்கண்ணன் லைனுக்குப் பூட்டாரு. ஆளே வூட்ல இல்லாதப்போ இன்னாத்துக்குடி மாத்திர?"
அண்ணன் கூட்ஸ் என்ஜினில் ஃபயர்மேன். போனால் இரண்டு மூன்று நாள் ஆகும். அவன் கரியும் சாம்பலுமாக வந்து நிற்கிற நாளில் மட்டும் விழுங்குவாளாம். பிள்ளை உண்டாகாமலிருக்கத்தானே மாத்திரை? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஜூன் 8
பக்கத்து வீட்டு மங்கையக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, "நாள் உடக்கூடாதுடி!" என்று கத்தினாள். அண்ணி பயந்துபோய் மீதி எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். இப்போது வாந்தி, வாந்தி. சின்னவன் பிறந்தபோது அண்ணிக்கு ரத்தம் நிற்கவேயில்லை. இன்னொன்று வந்தால் ஆள் தங்காது என்றார் டாக்டரம்மா. மாதாவே, நான் இன்னா பண்ணுவேன்? அண்ணனும் ஊர்ல இல்லியே.

ஜூன் 9
ஆஸ்பத்திரி. அண்ணிக்குப் பேசத் தெம்பில்லை. நானே சொன்னேன்!
நர்ஸ் பதுருன்னிசாம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து சோத்தையும் சேத்துத் துன்ற மாதிரியா இது? உடம்புக்குத் தெனம் ஒரு தபா சொல்லணும். உட்டா அது தன் வேலையப் பாக்கப் பூடும். புருசன் வூட்ல கீறானா, லைன்ல கீறானான்னு அதுக்கின்னா தெரியும்? தூரமானா அஞ்சாம் நாள் புது அட்ட ஆரம்பி. அதுவரிக்கும் அந்தாளத் தள்ளிப் படுக்கச் சொல்லு."
"தூரம் ஆவலன்னா?" என்றாள் அண்ணி.
"இங்கதான் வரணும்."
தூக்கமே வரவில்லை. ஒரு பொட்டு அளவு மாத்திரை. அது சொல்ல, உடம்பு கேட்கிறதா? யாரும் பார்க்காதபோதும், அண்ணன் எங்கோ கரி அள்ளிப் போடும்போதும், உள்ளே அது தினமும் காத்திருக்கிறதா? எனக்குள்ளும் அப்படித்தானா? ஒளித்துக் காயவைக்கும் துணியைத் தவிர இதில் எனக்கு எதுவும் தெரியாதே. கலீஜ், அசிங்கம் என்றல்லவா நினைத்திருந்தேன். என் வயிற்றின் மேல் கை வைத்துப் பார்த்தேன். கோயிலுக்குள் நிற்பது போலிருந்தது.

ஜூன் 14
அண்ணிக்கு இன்னும் தூரமாகவில்லை. அண்ணி ஜெபமாலையைக் கீழே வைப்பதில்லை.

ஜூன் 17
பூசை முடிந்து வந்தேன். கொடியில் அண்ணனின் காக்கிச் சட்டை. அதற்கு அடியில் அண்ணியின் பழந்துணி, ஈரமாக. அண்ணி என்னைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூன் 21
இன்று அஞ்சாம் நாள். அண்ணன் விடியற்காலையிலேயே லைனுக்குப் போய்விட்டான். சாயங்காலம் கோயில் மணி அடித்தது, தினமும் மாத்திரை போட நாங்கள் குறித்துவைத்த நேரம். அண்ணி புது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "அவரு இல்லியேடி..." என்று இழுத்தாள்.
நான் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன்.