அத்தான் பெஞ்சில் இருக்கிறார்

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இருக்கும் மலையில் போன் எடுக்காது என்று தெரிந்தும் நேற்று முழுக்க அடித்துக்கொண்டே இருந்தேன். அத்தான்தான், "எழுதிப் போடுடா, பாலம் கட்டுற இடத்துக்குத் தபால் வண்டி போகுதுல்ல" என்றார். அதனால் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

என்னைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள்.

சிரிக்காதே. பெரிய அணிக்குத்தான். நேற்றுக் காலை வழக்கம்போல் இளையோர் கால்பந்து அணியை ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். கிளப் தலைவர் அம்மா கூப்பிடுவதாக ஆள் வந்தது. போன வாரம் எங்கள் ஆட்கள் அடித்த பந்து ஒன்று அவர் கார்க் கண்ணாடியைப் பதம் பார்த்திருந்தது. அதற்குத்தான் என்று நினைத்து, மன்னிப்பு கேட்பதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். உள்ளே நுழைந்ததும் முந்திக்கொண்டு, "மேடம், கண்ணாடிக்கு நான்தான் பொறுப்பு" என்றேன்.

"கண்ணாடி கெடக்கட்டும். கோச்சை அனுப்பிட்டேன். சீசன் முடியுறவரைக்கும் டீமை நீ பாத்துக்கிறியா?"

"எந்த டீமை மேடம்?"

"என்கிட்ட என்ன ஒம்போது டீமா இருக்கு?"

சரி என்று வாய் சொல்லிவிட்டது. நான் சொன்னதாக நினைவில்லை. முழங்கால் போய் ஆட்டத்தை விட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. பெரியவர்கள் அணிக்கு ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுத்ததில்லை. இந்த வேலைக்கு வேண்டிய சான்றிதழும் இல்லை. லீக்கில் சொல்லித் தற்காலிகமாக அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அணியோ கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடக்கிறது. கடைசி இரண்டு இடத்தில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான்.

உடைமாற்றும் அறைக்குள் போனேன். பாதிப் பேர் என்னோடு ஆடியவர்கள். வாத்து என்று நாங்கள் கூப்பிடும் கோல்கீப்பர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு, "சார், ஒண்ணுக்குப் போகலாமா சார்?" என்றான். அறையே அதிர்ந்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அத்தான் மட்டும் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "சிரிச்சது போதும். கோச் பேசட்டும்" என்றார். என்னை அவர் கோச் என்று சொன்னதும் உடம்பெல்லாம் கூசிவிட்டது.

வீட்டில் இருவரும் நலம். தினமும் முட்டைதான். நீ வருவதற்குள் எங்களுக்குச் சிறகு முளைத்துவிடும்.

உன் அன்புத் தம்பி


மார்ச் 8

என் அருமைத் தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட கூச்சலில் கிரேன் ஓட்டுபவர் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "என் தம்பி பெரிய கோச் ஆயிட்டான்!" என்றேன். "எந்த டீமுக்கு?" என்றார். சொன்னேன். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பயப்படாதே. என்னை இந்தப் பாலத்துக்குப் பொறுப்பாகப் போட்ட அன்று எனக்கும் இதே கதைதான். என்னைவிட மூத்த ஆட்கள் வேண்டுமென்றே என் முன்னால் கொட்டாவி விட்டார்கள். இப்போது மூன்றாவது தூண் நேராக நிற்கிறது. கொட்டாவி குறைந்திருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜையில் ஆட்டத்தைப் பேசாதீர்கள். உன் அத்தான் ஏதாவது யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார். தலையை ஆட்டிவிட்டு உனக்குத் தோன்றியதைச் செய். நான் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சமாளிக்கிறேன்.

கொஞ்சம் காய்கறியும் வாங்குங்கள்.

உன் அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

நாலுக்குப் பூஜ்யம். பூஜ்யம் நாங்கள்.

தோற்றதைப் பற்றி எழுத வரவில்லை. நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்றால் ஒன்று கேட்கிறேன்.

அத்தானால் முடியவில்லை அக்கா. கோல் போடாததைச் சொல்லவில்லை. பந்து பறிபோனால் முன்வரிசை ஆள்தான் முதலில் திரும்பி ஓடி மறிக்க வேண்டும். அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுவிடுகிறார். அவர் விட்ட இடத்தை அடைக்க மற்றவர்கள் ஓடி ஓடி, அரை ஆட்டத்திலேயே எல்லோரும் நாக்குத் தள்ளிப்போகிறார்கள். முந்தைய கோச்சுக்கும் இது தெரியும். ஆனால் மைதான வாசலில் கதவைவிட உயரமாக அத்தான் படம் நிற்கிறதே, அந்தப் படத்தைத் தாண்டித்தானே அவரும் தினமும் உள்ளே வந்தார்?

அந்தப் படத்தில் அவர் போடும் கோலுக்கு இடப்பக்கத்திலிருந்து பந்து கொடுத்தது நான்தான். அவர் உனக்குக் கொடுக்கச் சொன்ன முதல் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான்.

நேற்று இருவரும் பாத்திரம் தேய்த்தோம். அவர் தேய்த்த தட்டையே நான் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தேன். நான் என்ன செய்யட்டும்?

உன் தம்பி


மார்ச் 24

அன்புத் தம்பிக்கு,

எனக்கு இருப்பது ஒரே தம்பி, ஒரே புருஷன். இரண்டு பேரும் ஒரே கிளப்பில் போய் விழுந்து என் உயிரை எடுக்கிறீர்கள்.

அவரை எடு என்றும் சொல்ல மாட்டேன், எடுக்காதே என்றும் சொல்ல மாட்டேன். அது உன் வேலை. நான் சொல்லி நீ செய்தாய் என்று நாளைக்குத் தெரிந்தால் அவருக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனால் எடுப்பதென்று முடிவு செய்தால், அவர் முகத்தைப் பார்த்து உன் வாயால் சொல். சுவரில் ஒட்டிய பட்டியலைப் படித்து அவர் தெரிந்துகொண்டால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன். வீட்டிலும் சொல்லாதே. மைதானத்தில் சொல்.

இங்கே மழை. கான்கிரீட் போட முடியாமல் எல்லோரும் சீட்டாடுகிறோம். நான் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். குடும்ப ராசி.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, நடு மைதானத்தில்.

"அத்தான், சனிக்கிழமை ஆரம்பத்துல நீங்க இல்ல."

அவர் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டே இருந்தார். "யாரு?"

"ஒட்டடைக்குச்சி." எங்கள் அணியில் இருக்கும் ஒல்லிப் பையனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

"அவனா? பந்துக்கும் பலூனுக்கும் வித்தியாசம் தெரியாதேடா அவனுக்கு!"

"ஓடுவான் அத்தான்."

"ஓடுறதுக்கு ஒரு நாயைப் பிடிச்சிட்டு வா." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "இதைச் சொல்றது யாரு? கோச்சா, மச்சானா?"

"கோச்."

"அப்ப அத்தான்னு கூப்பிடாதே."

அன்று வீட்டில் ஒரே ஒரு முட்டை பொரித்து, ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டார். மறுநாள் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கிளப்பில் மசாஜ் செய்யும் அறையில்தான் படுக்கை. மேஜை குறுகல். அந்தச் சனிக்கிழமை ஜெயித்தோம் அக்கா! ரெண்டுக்கு ஒன்று! அந்தச் சந்தோஷத்தில் புரண்டு படுத்துக் கீழே விழுந்தேன். தோள்பட்டையில் இன்னும் நீலம் இருக்கிறது.

அடுத்த ஆட்டம் சமன். அதற்கடுத்தது மறுபடி வெற்றி. ஒட்டடைக்குச்சி கோல் ஒன்றும் போடவில்லை. ஆனால் அவன் துரத்துகிற துரத்தலில் எதிரணிக்காரர்கள் பந்தைக் கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள். அத்தான் பெஞ்சின் கோடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் கோல் போட்டால்கூட அந்தக் கை அவிழ்வதில்லை. ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். என் பெயரையும் சொல்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் சேர்ப்பதை எழுத முடியாது.

நான் செய்தது சரிதானே?

உன் தம்பி


ஏப்ரல் 20

டேய்,

ஞாயிற்றுக்கிழமை கீழே டவுனுக்கு இறங்கி உனக்கு அடித்தேன். பத்திரிகைக்காரர்களுக்குப் பயந்து போனை அணைத்து வைத்திருக்கிறாயாம். அத்தான் சொன்னார். அவரோடு அரை மணி நேரம் பேசினேன். முக்கால்வாசி ஒட்டடைக்குச்சியின் இடது காலைப் பற்றி. மிச்சம், ரெண்டு பேருக்கு ஆக்கிப் பழகிவிட்டதால் தினமும் சோறு மிஞ்சுகிறது என்பதைப் பற்றி.

சரிதானே என்று கேட்டிருக்கிறாய். அவரை உட்கார வைத்தது சரி. வாயால் சொன்னது அதைவிடச் சரி. ஆனால் அவர் குளிக்கும்போது பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாயே, அது என்ன புத்தி? ஆட்டக்காரரை பெஞ்சில் வை. அத்தானை எதற்கு வைத்தாய்? கோபம் இருந்தால் அவர் கத்தட்டும், நீ கேட்டுக்கொண்டு உட்காரு. வீடு என்றால் அதற்குத்தான்.

கடிதம் கிடைத்த அன்றே போ. கையில் காய்கறியோடு போ.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா


மே 19

என் அன்பு அக்காவுக்கு,

பிழைத்துவிட்டோம்! தபாலுக்கு முன்னால் செய்தி உனக்கு வந்திருக்கும். பேப்பரில் வராததை நான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று ஒரு முட்டைக்கோஸோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு வந்திருக்கிறது? கோச்சா, மச்சானா?"

"மச்சான்."

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

சாப்பிட்டு முடிக்கும்வரை நன்றாகத் திட்டினார். நான் கேட்டுக்கொண்டேன். கை கழுவும்போது அவராகவே சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டுமா? கோட்டுப் பக்கம் நின்னு 'ஏறு, ஏறு'ன்னு கத்துறியே, யாரை ஏறச் சொல்றேன்னு ஒருத்தனுக்கும் புரியல. மொத்தமா ஏறுறானுங்க. பின்னால வீடு தொறந்து கெடக்கு. ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுடா."

பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு இத்தனை நாளும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும். ஆரம்பத்திலேயே ஒட்டடைக்குச்சி ஒரு கோல் போட்டான். அவன் போட்டான் என்று சொல்வதைவிட, பந்து அவன் முதுகில் பட்டுத் தானாகப் போனது என்பதே உண்மை. ஆட்டம் முடியச் சற்று முன்பு அவர்கள் திருப்பிப் போட்டார்கள். இன்னொன்று விழுந்தால் எங்கள் கதை முடிந்தது. மைதானம் முழுக்க எழுந்து நின்று அத்தானை இறக்கு என்று கத்துகிறது. எனக்கும் ஆசைதான் அக்கா. அவர் இந்தக் கிளப்புக்கு ஆடக் கிடைத்த கடைசி நிமிடங்களாக இருக்கலாம். திரும்பி அவரைப் பார்த்தேன்.

"என் மூஞ்சியில என்ன இருக்கு?" என்றார். "ஆட்டத்தைப் பாரு."

பார்த்தேன். இடப்பக்கம் ஓட்டை. ஒரு தடுப்பாட்டக்காரரை இறக்கினேன். அப்பப்பா, என்ன கூச்சல்! தலைவர் அம்மாவே இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார். அப்போது அத்தான் கையை அவிழ்த்தார். கோட்டருகே வந்து என் பக்கத்தில் நின்று ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நிறுத்த ஆரம்பித்தார். நான் இடப்பக்கத்துக்குக் கத்தினேன், அவர் வலப்பக்கத்துக்கு. உதவி நடுவர் வந்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார், எழுந்தார். விசில் ஊதியதும் ஓடிப்போய் ஒட்டடைக்குச்சியைத் தூக்கிக்கொண்டு, "உன் முதுகு வாழ்க!" என்றார்.

இனி கஷ்டமானது. எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழுக்கும் படிக்க வேண்டும். அத்தானுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்கலாமா என்று தலைவர் அம்மா கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்ன கையோடு அத்தானிடமும் போய்ச் சொன்னேன். உதவிப் பயிற்சியாளராக என்னோடு இருங்கள் என்றும் கெஞ்சிப் பார்த்தேன்.

"நான் இன்னும் ஆட்டக்காரன்தான்டா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார்.

அவர் என்னிடம் பேசுகிறார், சிரிக்கிறார். மனதுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

என் செல்லத் தம்பிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. இங்கே எனக்கு ஒரு ஆள் கூடுதலாகிவிட்டது அல்லவா, கழுவ வேண்டிய பூட்ஸும் கூடிவிட்டது.

உன் அத்தான் இங்கேதான் இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும். கீழே டவுனில் ஒரு சின்ன கிளப். மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. முன்பாதி மேட்டில் ஏற வேண்டும், பின்பாதி தானாக உருண்டு வரலாம். இவர் பின்பாதியில்தான் கோல் போடுகிறார். அவர் பெயரைக் கேட்டதும் எங்கள் கிரேன்காரர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்க்க வந்துவிட்டார். அவரைத் திட்டுவதா, பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

நேற்று முதல் வெற்றி. இரண்டு கோலும் இவருடையது. உடம்பு முழுக்கச் சேறோடு வந்து, வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"அவன் கோச்சா இருந்திருந்தா இன்னைக்கு என்ன பண்ணியிருப்பான்?"

"ரெண்டு கோல் போட்டவரை என்ன பண்ணுவான்? கட்டிப் பிடிச்சிருப்பான்" என்றேன்.

"போடி. ரெண்டாவது கோல் விழுந்ததும் என்னை வெளிய எடுத்திருப்பான்." துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். "எடுத்திருக்கணும். அதுக்கப்புறம் நான் ஓடவே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "இதையெல்லாம் அவனுக்கு எழுதிட்டிருக்காதே, தலைக்கனம் பிடிச்சிடும்" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் அக்கா