அசையாத புள்ளி

மார்ச் 3, செவ்வாய்

மொட்டைமாடியில் அக்கா மாட்டிய வானொலிப் பெட்டி மறுபடி வேலை செய்யாமல் உறைந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சமையலில் மறந்தே போனேன். ஒரு மணி நேரம் கழித்து அம்மாவின் அலறல். "உங்க அக்காவக் காணோம்டி! போன் மேப்ல அவ புள்ளி இல்ல!"

ஓடிப்போய்ச் செருகினேன். சற்று நேரத்தில் அக்காவின் புள்ளி பழையபடி கல்லூரி விடுதியின் மேல் வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்கு உயிர் வந்தது. எனக்குத்தான் ஏதோ இடிக்கிறது.

மார்ச் 4

வானொலிப் பைத்தியம் அக்காவுக்குத்தான். வானொலியில் பேச அரசு தரும் உரிமமும் அவளுக்குத்தான். அவள் கையிலுள்ள கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தான் இருக்கும் இடத்தை வானொலியில் சொல்லும். அருகிலுள்ள ஏதாவது ஒரு பெட்டி அதைக் கேட்டு இணையத்துக்கு அனுப்பும். அப்படி ஒரு பெட்டியைத்தான் போகும்முன் நம் மாடியில் மாட்டினாள். அதற்குக் கேட்கத் தெரியும், பேசத் தெரியாது. "உன்ன மாதிரியே ஊமைக்கோட்டான்," என்றாள்.

அதன் காதுக்கு எட்டுவது முப்பது கிலோமீட்டர். விடுதி முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். நம் பெட்டி அணைந்தால் அவள் ஏன் மறைய வேண்டும்?

மார்ச் 5

அம்மா தூங்கும்போது மீண்டும் பிடுங்கிப் பார்த்தேன். மறைந்தாள்.

மார்ச் 7

நிறுத்திவைத்த லாரியின் புள்ளிகூட ஓரிரு மீட்டர் நடுங்கும். செயற்கைக்கோள் கணக்கு அப்படி. அக்காவுடையது மாதக்கணக்கில் ஒரே எண்கள். கருவியில் இடத்தைக் கையால் எழுதி வைத்திருக்கிறாள்.

நம் பெட்டிக்குக் கேட்கிறதென்றால் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறாள். எதற்கு?

அம்மா தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் மாத்திரை விழுங்குகிறாள். சொன்னால் — சொல்லாவிட்டால் நானும் சேர்ந்து பொய் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இடுப்பு முறிந்தபோது யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் நான் நின்றேன். "அவ படிக்கட்டும்" என்று சொன்னதும் நான்தான். இனி வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதியும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். ஹாஸ்டல் சாப்பாடு சகிக்கலையாம். அம்மா பேசி முடித்ததும் போனோடு மாடிக்குப் போனேன்.

"என்னடி, இருக்கியா?"

"அக்கா... நம்ம பெட்டிக்கு உன் சத்தம் நேரா கேக்குது."

அந்தப் பக்கம் அழுகை. ஏழு பேப்பர் போய்விட்டதாம். நவம்பரிலேயே கல்லூரியை விட்டுவிட்டாளாம். இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை.

"உன்ன பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டு, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"இருக்கற மூஞ்சிய வெச்சுக்கிட்டு வா. அம்மாட்ட நீயே சொல்லு. ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நான் சொல்லிடுவேன்."

நானா பேசினேன்?

தானே மாட்டிய பெட்டியை அவள் மறந்துவிட்டாளா? இல்லை, யாராவது கேட்கட்டும் என்றுதானா?

மார்ச் 14

காலையில் புள்ளி ஒரே தாவலாகத் தாவிப் பக்கத்து ஊருக்கு வந்தது. "ராக்கெட்லயாடி வர்றா?" என்றாள் அம்மா. அதன்பின் பஸ் வேகத்தில் நகர்ந்தது. நம் தெருமுனையில் வந்து நின்றது. நடுங்கிக்கொண்டே நின்றது.

நான்தான் போய்க் கூட்டிவந்தேன்.

மார்ச் 16

அக்கா உண்மையைச் சொன்னதிலிருந்து இரண்டு நாளாக அம்மா அவளோடு பேசவில்லை. இன்று இரவு தட்டை அவள் முன்னால் தள்ளி, "தின்னு தொலை," என்றாள். அக்கா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 12

எனக்கும் வானொலி உரிமம் வந்துவிட்டது!

செப்டம்பர் 1, செவ்வாய்

இன்று முதல் மறுபடி ஒன்பதாம் வகுப்பு; நடு ஆண்டில் சேர்த்துக்கொண்டார்கள். என்னைவிடச் சின்னவர்கள் நடுவில், கடைசி பெஞ்சில். பேர் கேட்டபோது மட்டும் வாய் திறந்தேன். இடம் சொல்லும் என் கருவி பையின் அடியில் இருந்தது.

அக்கா ரிப்பேர் வேலையை வீட்டு மேசைக்கே கொண்டுவந்துவிட்டாள். நான் நுழைந்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஸ்கூல் வாசல்ல பத்து நிமிஷம் என்னடி பண்ண?"

"நிக்கவே இல்லையே. நேரா உள்ள போயிட்டேன்."

"அடிப்பாவி, என்கிட்டயேவா? உன் புள்ளி அங்கேயே கெடந்து நடுங்கிச்சு. 'திரும்பி வந்துருவா'ன்னா அம்மா. நான் இல்லன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள போச்சு. அதுக்கப்புறம்தான் அம்மா மாத்திரை போட்டா."