அஞ்சலை கை ஊன்றிய இடம்

ஞாயிறு இரவு.

என் பழைய காரின் டேஷ்போர்டு மெத்தையை இன்று மாற்றிவிட்டேன். வெயிலில் வெடித்து, உள்ளிருந்த ஸ்பாஞ்சு மஞ்சள் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. நான் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அஞ்சலை இரண்டு கையையும் ஊன்றுவாளே, அங்கேதான் வெடிப்பு அதிகம். அஞ்சலை என் மனைவி. அவள் இறந்த பிறகுதான் எழுதக் கற்றுக்கொண்டேன். அவள் பெயர் எழுத்தில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரியாது.

அந்த இடம் போனால் அவளும் போய்விடுவாள் என்ற பயத்தில் இத்தனை நாள் மாற்றாமல் இருந்தேன். இன்று வண்டியில் ஏதோ கடகடக்கிறது என்று பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் கார் பட்டறைக்குப் போனபோதும், மெத்தையை மாற்ற வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பட்டறைக்காரன் செல்வம் கேட்கவில்லை.

"ஓட்டுங்க அங்கிள், எங்க கடகடங்குதுன்னு பாக்குறேன்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

தெரு முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். செல்வம் இரண்டு கையையும் அதே இடத்தில் ஊன்றினான்.

"அலமாக்! மெதுவா போங்க! கண்ணு ரோட்டுல இருக்கா இல்லையா?"

அஞ்சலையும் இப்படித்தான் திட்டுவாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நான் சாகப் பாத்தேன், உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"புதுசே போட்டுடு லா" என்றேன்.

மாலையில் தனியாகத் திரும்பினேன். புது மெத்தை கருகருவென்று இருந்தது. வீட்டுக்கு அருகே, வண்டியே இல்லாத தெருவில், சும்மா ஒருமுறை பிரேக் மிதித்தேன்.

இடப்பக்கம் மெத்தை மெல்ல அமுங்கியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "மெதுவாத்தான் போறேன்" என்றேன்.