ஆளுக்கொரு ஊர்

கொடைக்கானல்,
6 அக்டோபர் 2025

அன்புள்ள சேனா,

உறையைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். டிஜிட்டல் மீடியா பாடம் நடத்துகிறவள் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று. சிரித்துக்கொள். இந்தக் குளிரில் தபால் நிலையத்துப் பசை கெட்டிப்பட்டுக் கிடந்தது, கையெல்லாம் பிசுபிசு.

காரணம் இருக்கிறது. நம் துறை மாணவிகள் செய்துகொண்டிருக்கும் ஓடை ஆவணப்படம் இன்னும் வெளியாகவில்லை. அதற்குள் அந்த ஓடைக்கரை ரிசார்ட்டின் மேனேஜர் நம் துறைத் தலைவருக்கே போன் போட்டிருக்கிறார். "உங்க பிள்ளைக எங்களப் பத்திப் படம் எடுக்குறாங்களாமே, ஓடையில நாங்க பைப்பு போட்டு உறிஞ்சுறோம்னு ஒரு பொம்பள பேசுறாளாமே சார்" என்று கேட்டாராம். அலெக்சாண்டர் சார் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் முகம் சரியில்லை.

அந்தப் பேட்டியை நான் தனியாகப் போய் எடுத்தேன். எந்த ஊர் என்று மாணவிகளிடம்கூடச் சொல்லவில்லை. பதிவைக் கேட்டது மூன்றே பேர்: நான், குரலை மாற்றிக் கொடுத்த நீ, சார். பிறகு எப்படி வெளியே போனது? என் போனையோ மெயிலையோ யாராவது பார்க்கிறார்களா என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் காகிதம். கொஞ்ச நாளைக்கு நீயும் போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன்.

எனக்குப் படம் போனால் போகிறது. அந்த அக்காவை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. கேரட் காட்டில் கூலி வேலை. அந்தத் தோட்டமும் குடியிருக்கும் வீடும் ரிசார்ட்காரரின் மச்சானுடையவை. தெரிந்தால் வேலையும் போகும், வீடும் போகும், அடியும் விழும். "உங்க முகமும் ஊரும் வெளிய வராதுக்கா" என்று நான்தான் அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். போளூர் மாதிரிச் சின்ன ஊரில் ஒருவரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும், சொல்.

ராஜமுருகன் அண்ணனின் லாட்ஜ் சங்கத்தில் அந்த ரிசார்ட்காரரும் இருக்கிறார் அல்லவா? சும்மாதான் கேட்கிறேன்.

அப்பாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? மலைப்பூண்டு கொஞ்சம் பழனி பஸ்ஸில் கொடுத்து விட்டிருக்கிறேன். பாலில் வேகவைத்துக் கொடு.

உன்
பிரின்ஸி


பழனி,
10 அக்டோபர் 2025

அன்புள்ள பிரின்ஸிக்கு,

பூண்டும் வந்தது, கடிதமும் வந்தது. அப்பா பூண்டுப் பாலைக் குடித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு இருக்குற அக்கறை உனக்கு இல்லையே" என்கிறார். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததற்காக ஒரு பருவம் முழுக்க விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவள் நான். நல்ல பெயர் உனக்கு.

என் வீட்டுக்காரர் சங்கத்துக்குச் சந்தா கட்டுவதோடு சரி. கூட்டத்துக்குப் போனால் வடை தின்றுவிட்டு வந்துவிடுவார். அந்த ரிசார்ட்காரரும் அதில் இருக்கிறார். "சும்மா" என்று நீ எழுதியிருக்கிறாய். பதினோரு வருடமாக உன்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியிருக்கிறேன். நீ எதையும் சும்மா கேட்க மாட்டாய். இருந்தாலும் சும்மாவே பதில் சொல்லிவிட்டேன்.

உன் போனுக்கு நான்கைந்து தடவை அடித்துவிட்டேன். எடுக்கவில்லை. எனக்கு இதைக் காகிதத்தில் எழுதப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழியில்லை. ஆடு கத்துகிற ஊரில் அந்த அக்காவை விட்டுவைக்காதே. வெரசாக வேறு எங்காவது அனுப்பு. எங்கே என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. என்னிடம் நேராகக் கேட்க ஏதாவது இருந்தால் நேராகக் கேள்.

என்றும் உன்
சேனா


கொடைக்கானல்,
16 அக்டோபர் 2025

சேனாவுக்கு,

நேராகக் கேட்கச் சொன்னாய். கேட்கிறேன்.

ஆட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது? யார் சொன்னார்கள்? அந்த வரியைப் படித்த அன்றைக்கே மழையோடு மழையாகப் போய் அந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். பேருந்தில் அவர் வழிநெடுக வாந்தி. "நா என்ன தப்பு பண்ணுனேன் டீச்சர், உள்ளததான சொன்னேன்" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

இனி என் பங்குக்கு உள்ளதைச் சொல்கிறேன். அவர் ஊர் போளூர் இல்லை. உன்னிடம் போளூர் என்று எழுதினேன். அலெக்சாண்டர் சாரிடம் பேத்துப்பாறை என்று சொன்னேன். எந்த ஊருக்கு ஆள் போகிறதோ, அந்த ஊரைக் கேட்டவர்தான் வெளியே சொன்னவர். ரகசியத்தைக் கசியவிட்டது யார் என்று கண்டுபிடிக்க நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வழிதானே இது.

நேற்று நம் துறை வேன் ஓட்டுகிற சைமன் அண்ணன் வந்தார். அவருக்குச் சொந்த ஊர் போளூர். "டீச்சர், நம்மூருக்கு ஒரு ஜீப்புல நாலு பேரு வந்து, வீடியோவுல பேசுன பொம்பள யாருன்னு வீடு வீடா கேட்டுப்புட்டுப் போறாங்க. என்ன வெவகாரம்?" என்றார்.

பேத்துப்பாறைக்கு யாரும் போகவில்லை, சேனா.

சார்தான் என்று இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அவரைத்தான் சந்தேகப்பட்டேன், உன் பெயரை ஒப்புக்குத்தான் சேர்த்தேன். அண்ணன் கேட்டதற்காகச் சொன்னாயா? சங்கத்தில் அவருக்கு ஏதும் நெருக்கடியா? காரணம் எதுவானாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகையாக வருகிறது, கோபமாகவும் வருகிறது.

பிரின்ஸி


பழனி,
21 அக்டோபர் 2025

பிரின்ஸிக்கு,

போளூர் என்று சொன்னது நான்தான். சந்தேகம் வேண்டாம்.

இனி முழுவதையும் படி. உன் பதிவில் குரலை மட்டும் நான் மாற்றவில்லை. அந்த அக்கா பேசும்போது பின்னால் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இல்லை, மந்தை மந்தையாக. யாரோ மைக்கில் கூப்பிட, எல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிற சத்தம். கொடைக்கானல் மலையில் அப்படி ஒரு சத்தம் மன்னவனூர் ஆட்டுப் பண்ணைப் பக்கம் தவிர எங்கே கேட்கும்? ஊர் தெரிந்துவிடக் கூடாதே என்று இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டையும் நானாகத்தான் அழித்தேன். நீ ஊரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு அதுதான் மரியாதை.

பிறகு உன் கடிதத்தில் போளூர் என்று வந்தது. படித்ததும் புரிந்துவிட்டது. ஆளுக்கொரு ஊர் சொல்லிப் பார்க்கிற அந்தப் பாடத்தை எழுதியதே நான் அல்லவா? போளூர், பேத்துப்பாறை, மன்னவனூர் என்று உதாரணம் கொடுத்ததும் நான்தான். ஊர்ப் பெயரைக்கூட நீ மாற்றவில்லை. என்னைச் சோதித்துப் பார்க்க என் பாடத்தையே எடுத்துக்கொண்டாய். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

உனக்குப் பதில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் நம் துறையின் ஆன்லைன் டிரைவைத் திறந்து பார்த்தேன். நான் சுத்தம் செய்வதற்கு முந்தைய பதிவு, ஆட்டுச் சத்தத்தோடு, அப்படியே அங்கே கிடக்கிறது. யார் யார் அதைத் திறக்கலாம் என்று பார்த்தால், போன வருடம் படிப்பு முடித்துப் போன லாவண்யாவின் பெயர் இன்னும் இருக்கிறது. அவள் இப்போது அந்த ரிசார்ட்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள். முதல் சம்பளத்தில் நமக்கு சாக்லேட் கொடுத்தாளே, அந்த வேலைதான். படிப்பு முடித்தவர்களின் பெயரை டிரைவிலிருந்து எடுப்பது உன் பொறுப்பு. நீ எடுக்கவில்லை.

உனக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கடிதம் எழுதினால் நீ பிரித்துப் படிப்பதற்குள் அவர்கள் மன்னவனூரில் இருப்பார்கள். அந்தப் பிள்ளை நம்மிடம் மூன்று வருடம் ஒலிப்பதிவு படித்தவள். இன்னொரு தடவை காது கொடுத்துக் கேட்டால் ஆட்டை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவாள். அதனால் நானே அவளைக் கூப்பிட்டு நலம் விசாரித்தேன். பேச்சுவாக்கில், "பிரின்ஸி மேம் போளூர் போளூர்னு அலையிறாங்க, அங்க ஒரு அம்மா பேட்டி குடுத்திருக்காங்களாம்" என்றேன். "அப்படியா மேம்" என்று ஒன்றும் தெரியாத மாதிரிக் கேட்டுக்கொண்டாள். போனை வைத்ததும் அவள் பெயரை எடுத்துவிட்டேன். பழைய பதிவையும் அழித்தேன்.

போளூரில் அவர்கள் எவ்வளவு தேடினாலும் ஆள் கிடைக்காது. அங்கே யாரும் இல்லை. அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தது நீ. ஜீப் அங்கே போனதும் உன் கணக்கில் குற்றவாளி நான்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ராஜமுருகனுக்கு இது எதுவும் தெரியாது. அவரை இதில் இழுத்ததற்கு அவர் சார்பில் நான் வருத்தப்பட்டுக்கொள்கிறேன்.

தேவசேனா


கொடைக்கானல்,
25 அக்டோபர் 2025

என் அன்பு சேனாவுக்கு,

உன் கடிதத்தைத் துறையில் நம் மேஜையில் வைத்துப் படித்தேன். உன் நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு, "எதையும் நம்பாதீங்க, சரிபாருங்க, சரிபாருங்க" என்று சொல்லிச் சொல்லி, மனிதர்களையும் அப்படியே சரிபார்க்கத் தொடங்கிவிட்டேன் போல. சந்தேகப்பட்டதுகூடப் பரவாயில்லை, உன்னிடம் கேட்காமல் பொறி வைத்தேனே, அதுதான் என்னைக் கொல்கிறது. டிரைவைப் பூட்டாமல் விட்டதும் நான், ஊரெல்லாம் திருடனைத் தேடியதும் நான். சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வார்த்தையில் சொன்னால் நீ நம்ப வேண்டியதில்லை. அதனால் ஒன்று செய்கிறேன். அந்த அக்காவின் பெயர் பாண்டிச்செல்வி. இப்போது ஆயக்குடியில், கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் தன் அக்கா பாப்பம்மாள் வீட்டில் இருக்கிறார். மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு. இது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும். பழனியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வா. அவரைக் காப்பாற்றியது யார் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

போன் இனி எப்போதும் திறந்தே இருக்கும். கூப்பிடு. திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

உன் பிரின்ஸி

பூண்டு இன்னும் கொஞ்சம் அனுப்பட்டுமா?


பழனி,
3 நவம்பர் 2025

பிரின்ஸிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். நீ அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று கையெழுத்திலேயே தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஆயக்குடிக்குக் கிளம்பினேன். பாண்டிச்செல்விக்கு என்று ஒரு ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தேன். வைத்த பிறகுதான், கீழே வந்துவிட்டவருக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று எனக்கே சிரிப்பு வந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தும்விட்டேன்.

அப்போது ஒரு எண்ணம் வந்தது. அந்தச் சந்தில் பச்சைக் கதவு இருக்குமா? அல்லது நான் போகிறேனா, யாரிடமாவது சொல்கிறேனா என்று பார்ப்பதற்கு எழுதியதா? சாரிடம் வேறொரு ஊரைச் சொல்லியிருப்பாயா?

நீ இந்தத் தடவை உண்மையைத்தான் எழுதியிருப்பாய். எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித் தோன்றிவிட்டது பிரின்ஸி. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வருவதற்குள் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோபம் எல்லாம் போய்விட்டது. உன்னை நம்புவதற்கு இனி நான் முயற்சி செய்ய வேண்டியிருக்கும், அது எனக்குப் பழக்கமில்லை. விடுப்பு முடிந்ததும் இங்கே கீழேயே ஒரு கல்லூரிக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு ஊர் பாடத்தை வரும் பருவத்திலிருந்து நீயே நடத்து. மேஜையின் இரண்டாவது டிராயரில் என் குறிப்புகள் இருக்கின்றன. என் நாற்காலியில் நீ பையை வைத்துக்கொள்ளலாம்.

அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பூண்டு அனுப்ப வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.

இப்படிக்கு,
சு. தேவசேனா