மலையைச் சாத்திய குற்றம்

ஆம்பூர் மலையடி, ஆவணி எட்டு.

சிரஞ்சீவி ராமலிங்கத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நீ காட்டு இலாகாவில் ஊரார் ஆட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்துச் சம்பளம் வாங்குகிறவன். அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி க்ஷேமம். இங்கே நானும் அப்பாவும் அறுபத்திரண்டு ஆடுகளும் சுகம், ஆடுகளின் சுகம் அடுத்த விசாரணை வரைக்கும்தான். ஆனைமலைக் காட்டில் குளிர் ஜாஸ்தி என்றாயே, காக்கிச் சட்டைக்குள் பனியன் போட்டுக்கொள், யாருடைய ஆட்டைத் துரத்தினாலும் வெறுங்காலோடு துரத்தாதே.

நடந்ததை மறுபடி எழுதுகிறேன். முதல் மழை விழுந்ததும் கிழக்குச் சரிவின் வழிக்கல்லில் ஆவாரங்கிளை கட்டுவோம், புல் முழங்கால் உயரம் வரும்வரை ஐந்து ஊர் ஆடும் அதைத் தாண்டாது, தாண்டவிட்டவன் ஒரு குட்டியை அறுத்து எல்லாருக்கும் சோறு போடவேண்டும், உன் அப்பாவே ஒரு தடவை போட்டார், நீயும் தின்றாய். போன வருஷம் வந்த காட்டுப் பஞ்சாயத்தின் மேய்ச்சல் சீட்டோ ஜூலை முதல் தேதி பிறக்கிறது, மழைக்கு அந்தத் தேதி தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சீட்டு வாங்கியவர்கள் விரற்கடைப் புல்லில் ஆட்டை விட்டார்கள், நாம் விடாவிட்டால் பிறத்தியார் ஆடு தின்னும் என்று நானும் விட்டேன், பொய் சொல்லமாட்டேன். மாசியில் சரிவு மொட்டை. பதினோரு ஆடு செத்தது. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஆள் அனுப்பித் துக்கம் விசாரித்தார்கள், தோல் எங்கே என்று. பஞ்சாயத்துத் தலைவரும் அந்த ஷாப்புக்காரர்தான்.

இந்த வருஷம் நானும் பக்கத்து வீட்டு முனியம்மாவும் பழையபடி கிளை கட்டினோம். இங்கத்து ஃபாரஸ்ட் கார்டு அதை வெட்டி எறிந்துவிட்டு, "இன்னாம்மா, மலை உங்க அப்பன் ஊட்டு சொத்தா?" என்றான். முனியம்மா சும்மா இருப்பவளா, "அப்பன் சொத்தா இருந்தா எப்பவோ வித்துத் தின்னிருப்போம். எல்லாருதும்னுதான் சாத்தி வெக்கிறோம்" என்றாள். சீட்டுக்காரர் வழியை மறித்ததாக எங்கள் இருவர் மேலும் கேஸ். மலையைச் சாத்த யார் அதிகாரம் கொடுத்தது, காகிதம் உண்டா என்று கோர்ட்டுக் கச்சேரியில் கேட்டார்கள். எங்களிடம் ஏது காகிதம். தோற்றால் சீட்டு ரத்து, அறுபத்திரண்டும் மலை ஏற முடியாது, நேரே தோல் ஷாப்புக்குத்தான்.

அப்போதுதான் உன் பொங்கல் கடிதம் ஞாபகம் வந்தது. உன் ரேஞ்சர் புது யுக்தி கண்டுபிடித்தார், மழை விழுந்ததும் ஒரு சரிவுக்குப் பலகை மாட்டிச் சாத்திவிட்டார், புல் இடுப்பளவு வந்தது, சீமைப் படிப்பென்றால் சும்மாவா என்று எழுதியிருந்தாய். வாசித்துக் காட்டினேன், முனியம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவருக்குச் சம்பள உயர்வாம். எனக்குச் சம்மன்.

வீட்டுக் கடிதம் செல்லாது, ரேஞ்சர் சரிவைச் சாத்தியதை இலாகா ஆள் தனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் செல்லும் என்கிறார் வக்கீல். இரண்டு தடவை கேட்டு எழுதினேன். முதல் பதிலில் அப்பாவின் முழங்கால் வலியை விசாரித்தாய். இரண்டாவதில் ஊரில் மழை எப்படி என்றாய். முழங்கால் அப்படியே இருக்கிறது. மழை நல்ல மழை.

நோய்நொடி அண்டாமல், மேலதிகாரி மெச்ச நன்றாயிரு. விசாரணை ஆவணி இருபத்தெட்டு, தபாலுக்கு நாலு நாள் பிடிக்கும் என்பதை மறவாதே.

இப்படிக்கு,
உன் அம்மா பட்டம்மாள்

கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா, இந்தத் தடவை அதை மட்டும் எழுது.