பெருக்கியிருக்கக் கூடாத இரண்டு எண்கள்

அன்புள்ள நெட்டைக்கு,

உன் குட்டை எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் பெண்ணுக்குப் பல் முளைத்துவிட்டதா? மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன். ஒரு தடவை உன் வீட்டுக்காரர் எடுத்து நீ குளிக்கிறாய் என்றார். மூன்று நாளாகவா குளிப்பார்கள்? சரி, கடிதத்தையாவது உட்கார்ந்து படி. எழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வருஷம் நாம் இருவரும் மருத்துவமனைக்குப் போட்டுக் கொடுத்த கணக்கை நீ மறந்திருக்க மாட்டாய். மின்சாரம் போனால் ஓட வேண்டிய ஜெனரேட்டர்கள் இரண்டு. ஒன்று ஓடாமல் போவது ஆயிரத்தில் ஒரு தடவை. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால், இரண்டும் சேர்ந்து ஓடாமல் போவது பத்து லட்சத்தில் ஒரு தடவை. எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

போன மாதம் ஒரு மதியம் மின்சாரம் போனது. இரண்டுமே ஓடவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். செய்தியைப் படித்ததும் என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன், காறித் துப்பு. பத்து லட்சத்தில் ஒன்று நம் ஊரிலேயே நடந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டேன். அப்புறம் வகுப்பெடுக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை ஓர் அம்மா எங்கள் கணிதத் துறை அலுவலகத்துக்கு வந்தார். அந்த ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியனின் மனைவி. கையில் நம் அறிக்கையின் கடைசிப் பக்கம். கணவரைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துப் பதினோரு நாளாகிறதாம். இரண்டும் தானாக நிற்க வாய்ப்பே இல்லை, யாரோ வேண்டுமென்றே கை வைத்திருக்கிறார்கள், சாவி அவரிடம்தான் இருந்தது என்கிறார்களாம். ஆதாரம் நம் எண். "பத்து லட்சத்துல ஒண்ணுன்னா எங்க வீட்டுக்காரர்தான் பண்ணினாருன்னு அர்த்தமாம்மா? படிச்ச நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அன்றைக்கே உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ படித்துவிட்டாய் என்று போன் காட்டுகிறது.

மறுநாள் காலை மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குப் போனேன். முதல் தடவையாக. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று நீ அப்போதே சொன்னாய். வரைபடம்தான் இருக்கிறதே, டீசல் நாற்றம் நமக்கெதற்கு என்று உன்னைக் கிண்டல் பண்ணியது நான்தான். சின்ன அறை. இரண்டுக்கும் தனித்தனி பேட்டரி, தனித்தனி பம்ப், எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே. ஆனால் இரண்டு பம்பின் குழாய்களும் சுவரைத் தாண்டிப் போய் ஒரே டீசல் தொட்டியில் இறங்குகின்றன. நம் வரைபடம் சுவரோடு முடிந்திருந்தது. காவலாளியைக் கேட்டேன். "ஒரே தொட்டிதான் மேடம். மழைத் தண்ணி உள்ள இறங்குதுன்னு எலக்ட்ரீஷியன் அண்ணன் மூணு தடவை எழுதிக் கொடுத்தாரு. இங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றார். எல்லாருக்கும் தெரியும், கணக்குப் போட்ட இரண்டு மேதைகளைத் தவிர.

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினாறு வருஷமாக முதல் வகுப்பில் நான் சொல்வது என்ன? நிகழ்தகவின் அடித்தளம் மூன்றே விதிகள். எந்த நிகழ்தகவும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. எல்லாம் சேர்ந்தால் ஒன்று. ஒன்றாக நடக்க முடியாத நிகழ்ச்சிகளின் நிகழ்தகவைக் கூட்டிக்கொள்ளலாம். பெருக்கலாம் என்று அந்த மூன்றில் எங்கேயும் இல்லை. ஒன்று நடந்தது தெரிந்தபிறகும் மற்றதன் வாய்ப்பு மாறாது என்றால்தான் பெருக்க முடியும். அது மாறுமா மாறாதா என்று விதிகள் சொல்லாது, போய்ப் பார்க்க வேண்டும். இதை எழுதாமல் பெருக்கிய பிள்ளைகளுக்கு எத்தனை மதிப்பெண் வெட்டியிருக்கிறேன் தெரியுமா? ஊருக்குத்தான் உபதேசம். தொட்டியில் தண்ணீர் கலந்தால் ஒன்று நிற்கும்போது மற்றதும் நிற்கும். பத்து லட்சமாவது மண்ணாவது, ஆயிரத்தில் ஒன்று என்பதுகூட நிச்சயமில்லை. அந்த மனிதர் எதிலும் கை வைக்கவே வேண்டியதில்லை.

அங்கிருந்து நேரே விசாரணை அதிகாரியிடம் போனேன். அறிக்கை இரண்டு பேர் கையெழுத்தில் வந்தது, அதைத் திரும்பப் பெறுவதும் இரண்டு பேர் கையெழுத்தில்தான் வர வேண்டும், ஒருவர் மட்டும் சொன்னால் அவர் அபிப்பிராயம் என்று ஓரமாக வைத்துவிடுவோம் என்றார். விசாரணை இருபதாம் தேதி.

அந்த அறிக்கையைக் காட்டித்தான் உனக்கு அங்கே வேலை கிடைத்தது. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதும் தெரியும். தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெருக்கியது நான், போய்ப் பார்க்க மறுத்தது நான் என்று அதில் எழுதியிருக்கிறது. போய்ப் பார்க்கலாம் என்று நீ கூப்பிட்டதையும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

நீயும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நீ கையெழுத்துப் போடாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். வரும். அவர் உள்ளே போய் இன்றோடு பதின்மூன்று நாள். போட்டு அனுப்புடி.

என்றும் உன்,
குட்டை